ஐந்து மணிச் சங்கு

மகனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அதை அடித்துவிட்டு வெறும் மகனுக்கு என்று போட்டிருக்கிறேன். உன் அம்மா பக்கத்தில் கேரட் சீவிக்கொண்டே, "ஏனுங்க, இன்னிக்குக் கோவமா இருக்கீங்க, நாளைக்கு எழுதுங்க" என்கிறாள். நாளைக்கும் கோபமாகத்தான் இருப்பேன். போனில் பேசினால் நடுவில் உனக்கு இன்னொரு கால் வந்துவிடுகிறது. கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. எழுதி முடித்ததும் நீ தங்கியிருக்கிற லாட்ஜுக்கு நானே கொண்டுவந்து கொடுப்பேன். சொந்த ஊருக்கு வந்து, நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் லாட்ஜில் தங்குகிறாய். அதைப் பற்றி உன் அம்மா பேசிக்கொள்வாள், நான் பேசப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் மியூசியத்துக்குத் திறப்பு விழா. அதற்குள் நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவும்.

திங்கட்கிழமை மியூசியத்தைக் காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போனாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் முப்பது வருஷம் வேலை பார்த்த கட்டடம் அது. ஊர்க்காரர்கள் கல்லுக் கச்சேரி என்பார்கள். பேரூராட்சி ஆபீஸ் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போன பிறகு குரங்குகள்தான் அங்கே குடியிருந்தன. நீ அதை நன்றாகவே எடுத்துக் கட்டியிருக்கிறாய், இல்லை என்று சொல்லவில்லை. ஒழுகின தகரத்தை மாற்றியிருக்கிறாய். ஆபீசர் ரூமில் கணப்படுப்புக்குள் நாங்கள் குடை காய வைத்த இடத்தில் இப்போது விறகு அடுக்கி, சிவப்பு விளக்குப் போட்டு, நெருப்பு எரிகிற மாதிரி செய்திருக்கிறாய். வரி வசூல் மேஜை, பழைய தராசு, அம்மைப்பால் குத்திய ரெஜிஸ்டர், எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கின்றன. வாசலில் துரைமார் படம். ஐந்து துரைகள், நான்கு வேட்டை நாய்கள். கீழே பெயர் போட்டிருக்கிறாய், நாய்களுக்கும் சேர்த்து. கேட்டதற்கு, "ஆல்பத்துக்குப் பின்னால எழுதியிருந்துச்சுப்பா" என்றாய். சரி என்று விட்டுவிட்டு மாடிக்கு வந்தேன்.

மாடியில் என் சங்கு, நான் தினமும் ஊதின மின்சாரச் சங்கு, இருந்தது. கூரைமேல் மழையிலும் பனியிலும் கிடந்ததை இறக்கி, துரு சுரண்டி, பச்சைப் பெயிண்ட் அடித்து, ஒரு பீடத்தில் ஏற்றியிருந்தாய். சுவரில் ஆளுயரப் பலகை. அதில் என் போட்டோ, என் பெயர் பெரிய எழுத்தில். கீழே நீ எழுதியது எனக்கு மனப்பாடமாகிவிட்டது: "மண் சரிவுக்குச் சற்று முன், மாலை ஐந்து மணிக்கு, ஆபரேட்டர் சமயோசிதமாக அபாயச் சங்கை ஒலித்தார். அதைக் கேட்டு வெளியேறியோர் உயிர் தப்பினர். வெளியேறாதோர் உயிரிழந்தனர்." பலகைக்குப் பக்கத்தில் குழந்தைகள் அமுக்குவதற்கு ஒரு சிவப்புப் பொத்தான். மியூசியம் கமிட்டி அம்மா ஒருவர் அதை அமுக்கினார். சங்கு விட்டு விட்டு ஊதியது. அவர் சிரித்துக்கொண்டே, "ரியலா இருக்குல்ல சார்?" என்று என்னைக் கேட்டார். நீ எனக்குப் பொன்னாடை போர்த்தினாய். என் கண் கலங்கியதைப் பார்த்து நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் வருவது எனக்குப் பழக்கம்தானே.

இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அபாயச் சங்கு ஊதப்படவே இல்லை.

உனக்கு அப்போது ஒன்பது வயது, நாலாங் கிளாஸ். ஐப்பசி மழை ஆறு நாளாக விடவில்லை. அந்தக் காலத்தில் என் வேலை இரண்டு: சங்கு ஊதுவது, குழாய்க்குத் தண்ணீர் திறந்து விடுவது. காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஐந்து, இரவு எட்டு. நேரச் சங்கு என்றால் ஒரே மூச்சாக ஒரு நிமிஷம். அபாயச் சங்கு என்றால் விட்டு விட்டு. அபாயச் சங்கு ஊத வேண்டுமானால் ஆபீசர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். அதற்கு முந்தின வருஷம் யாரோ காட்டில் தீ என்று ஓடிவந்து சொன்னதை நம்பி சீட்டு இல்லாமல் ஊதிவிட்டேன். ஊரே வாளியும் கையுமாக ஓடிப் போய்ப் பார்த்தால், யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுகிறவன் அடுப்புப் புகை. எனக்கு மெமோ வந்தது. டீக்கடையில் என்னைப் 'பொகைச் சங்கு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் அப்போது டெம்பரரி. என்னை நிரந்தரமாக்குகிற ஃபைல் ஊட்டிக்குப் போய் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது. இன்னொரு மெமோ வந்தால் ஃபைல் திரும்பி வந்துவிடும் என்று ஹெட் கிளார்க் சொல்லியிருந்தார்.

நாலு நாற்பதுக்குச் செல்லையா வந்தார். உனக்கு அவரைத் தெரியாது. சரிவுக்குக் கீழே காலனியில் இருந்தவர். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் கப்பலேறி இங்கே வந்து, எஸ்டேட்டில் கூலிக்குப் போனவர். இடுப்பு வரைக்கும் சேறு. படியேறி வந்த மூச்சுக்கூட அடங்காமல், "ஆபரேட்டரய்யா, லயத்துக்கு மேல மண்ணு வெடிச்சு நிக்குது. கை நுழையிற வெடிப்பு. சங்க ஊதுங்க, சனங்க வெளிய வந்துரும்" என்றார். தோட்டத்து வரிசை வீட்டைச் சொல்லிப் பழகி, அவர் காலனி வீட்டையும் லயம் என்றுதான் சொல்வார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீட்டு வாங்கிட்டு வந்துருங்க" என்றேன். ஆபீசர் குந்தாவுக்குப் போயிருந்தார். ஹெட் கிளார்க் போன் போட்டுப் பார்த்தார். லைன் செத்துக் கிடந்தது. "கொஞ்சம் இருங்க, பார்ப்போம்" என்றார். செல்லையா கீழே ஹெட் கிளார்க்கிடம் போனார், மேலே என்னிடம் வந்தார், மறுபடி கீழே போனார். அவர் போட்ட சேற்றுத் தடம் படி முழுக்க இருந்தது. கடைசியில் என் முன்னால் வந்து நின்று, "நீங்க ஊதுங்கய்யா, நான் போயி ஒவ்வொரு கதவா தட்டுறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் ஊதவில்லை. சுவிட்சில் கை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்துக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. ஐந்து அடித்தால் எப்படியும் ஊதத்தானே போகிறோம், அதற்கு யார் சீட்டும் வேண்டாமே என்று என் புத்தி கணக்குப் போட்டது. ஐந்துக்கு ஊதினேன். ஒரே மூச்சாக, ஒரு நிமிஷம், தினமும் ஊதுகிற மாதிரி. புரிந்துகொள்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். என்ன புரிந்துகொள்வார்கள்? ஐந்து மணிச் சங்கு என்றால் தெருக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, சரிவுக்கு எட்டாத மேட்டுக் குழாய்க்கு வந்தார்கள். மழைக்குக் குழந்தைகளை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு வந்தார்கள். ஐந்து ஐந்துக்கோ பத்துக்கோ மலை இறங்கியது. நான்கு வீடு. செல்லையா முதலில் பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டிவிட்டுத் தன் வீட்டுக்குள் மகளைத் தூக்கப் போயிருக்கிறார். தேவி என்று பெயர், ஆறு வயது. இரண்டு பேரும் வரவில்லை. நீ எழுதியிருக்கிறாயே 'வெளியேறியோர்' என்று, அவர்கள் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், செல்லையா கதவு தட்டி வெளியே வந்தவர்கள். குடமும் செல்லையா தட்டின தட்டும் அவர்களைக் காப்பாற்றின, நான் இல்லை.

மறுநாள் காலையில் ஹெட் கிளார்க் சங்கு ஊதுகிற நேரம் எழுதும் ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவரும் அன்றைக்குத் தூங்கியிருக்கவில்லை, கண் சிவந்திருந்தது. "விசாரணை வரும். ரெண்டு பேரும் மாட்டுவோம். ரிமார்க்ஸ்ல எழுது: மண் சரிவு எச்சரிக்கையாக ஊதப்பட்டது" என்றார். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அந்த மையைத்தான் நீ இப்போது பூதக்கண்ணாடி வைத்துக் காட்டியிருக்கிறாய். விசாரணைக்கு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, எச்சரித்தும் சிலர் வீட்டை விட்டு வரவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். செத்தவர்கள் மேலேயே பழி போட்டாயிற்று. ஆறு மாதத்தில் என் ஃபைல் நல்லபடியாகத் திரும்பி வந்தது. அந்தச் சம்பளத்தில்தான் நீ குன்னூரில் படித்தாய்.

நீ என்னைக் கேட்கலாம், இத்தனை வருஷம் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று. கேள். கேட்பதற்கு உனக்கு உரிமை உண்டு. அந்த வருஷமே பள்ளிக்கூடத்தில் 'என் அப்பா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஊரைக் காப்பாற்றிய அப்பா என்று நீ எழுதி, பரிசாக எவர்சில்வர் தட்டு வாங்கி வந்தாய். நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். அந்தத் தட்டில் உன் அம்மா இன்றைக்கும் எனக்கு உப்புமா வைக்கிறாள். அவளுக்கும் திங்கட்கிழமை வரைக்கும் எதுவும் தெரியாது. ஏழாங் கிளாசில் நீ பூகோள உருண்டையை உடைத்தாய். வாட்ச்மேன் மகன் உடைத்தான் என்று அவனை நாலு நாள் வெளியே நிற்க வைத்தார்கள். நீ ராத்திரி சாப்பாடு இறங்காமல் என்னிடம் வந்து சொன்னாய். அதற்கு நான், "உன்னைக் கேட்டாங்களா? கேக்காத வரைக்கும் எதுக்கு வாயத் தொறக்கோணும்?" என்றேன். உன் முகம் தெளிந்து போனது. எனக்கு அது இப்போது நினைத்தாலும் எரிகிறது. மற்ற அப்பன்கள் பிள்ளைக்கு மரம் ஏறக் கற்றுக் கொடுப்பார்கள், சைக்கிள் கற்றுக் கொடுப்பார்கள். நான் உனக்கு இதைக் கற்றுக் கொடுத்தேன். ஆகவே இந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான். ஆனால் மீதிப் பாதி உன் மேல், அதைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

ஏனென்றால் செவ்வாய்க்கிழமை காலையில் உனக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாக்குழறி, பாதி அழுது, ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு மனிதன் வாய் திறக்கிறான், அவன் உன் அப்பன். நீ என்ன சொன்னாய்? "அப்பா, பேனல் எல்லாம் பிரிண்ட் ஆயி மாட்டியாச்சு. ரெஜிஸ்டர்ல உங்க கையெழுத்துலயே இருக்கு. நான் டாக்குமெண்ட்டைத்தானே நம்ப முடியும்? இந்த வயசுல மெமரி ஏமாத்தும்பா. உங்களுக்கு ஏதோ கில்ட்டு, அதான் இப்படித் தோணுது" என்றாய். அப்புறம், "நல்ல கதைப்பா அது. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றாய். நான் சொன்ன பொய்யை நம்பினாய், அதில் தப்பில்லை. நான் சொன்ன உண்மையை நம்ப மாட்டேன் என்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான்தான். நீ அந்தச் சோற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து லைட் போட்டிருக்கிறாய்.

அந்தச் சங்கைப் பற்றி நீ என்னைக் கேட்காத கேள்வி இல்லை. எந்தக் கம்பெனி, எத்தனை குதிரைச் சக்தி, எத்தனை மைல் கேட்கும், சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தது. மூன்று நாள் ரிக்கார்டர் வைத்துக்கொண்டு கேட்டாய். அன்றைக்கு என்னப்பா நடந்தது என்று ஒரு தடவை கேட்கவில்லை. தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாய். உன் தொழிலில் இன்னும் எத்தனையோ ஊர், எத்தனையோ கட்டடம் பார்ப்பாய். ரெஜிஸ்டரைப் படி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை எழுதியவன் அன்றைக்கு யாருக்குப் பயந்திருந்தான் என்றும் விசாரி. எழுதத் தெரிந்தவன், எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தவன், தனக்குச் சாதகமாகத்தான் எழுதியிருப்பான். செல்லையா கையில் பேனா இல்லை. கச்சேரிப் படியில் அவர் விட்டுப் போனது சேறு மட்டும்தான், அதையும் மறுநாள் காலையில் கழுவி விட்டுவிட்டார்கள்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாய் அல்லவா. நேற்று அதைத் தெரிந்துகொள்ளப் போனேன். செல்லையா சம்சாரம் பாக்கியம் இப்போது மேல் காலனியில் இருக்கிறது. தினமும் விடிவதற்குள் ஜீப்பில் இத்தலார் பக்கம் கேரட் பிடுங்கப் போய்விட்டு, சாயங்காலம்தான் வரும். கடைத்தெருவில் எத்தனையோ தடவை எதிரில் வந்திருக்கிறது. "நல்லாருக்கீங்களாண்ணே" என்று கேட்கும். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடைக்குள் நுழைந்துவிடுவேன். நேற்று வாசலில் போய் நின்றேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே, "வாங்கண்ணே, உக்காருங்க, பிளேண்டி போடுறேன்" என்றது. அவர்கள் பால் விடாத டீயை அப்படித்தான் சொல்வார்கள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே உனக்கு எழுதியிருக்கிற அத்தனையையும் சொன்னேன். சீட்டுக் கேட்டதை, கடிகாரத்தைப் பார்த்ததை, ரெஜிஸ்டரில் எழுதினதை.

அது கத்தவில்லை. வையவும் இல்லை. வைதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கை நகத்திலிருந்த மண்ணை நோண்டிக்கொண்டே, "அவரு கதவு தட்டுனது தெரியும்ண்ணே, பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்க. ஒங்ககிட்ட வந்தது தெரியாது" என்றது. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அன்னிக்கு எனக்கு நீளச் சங்குதான் கேட்டுச்சு. தண்ணி வருதுன்னு புள்ளய உள்ள இருக்கச் சொல்லிட்டு கொடத்த எடுத்துக்கிட்டுப் போனேன். ஆபீசருங்க வந்து, விட்டு விட்டு ஊதுனாங்களே, ஒனக்குக் கேக்கலியா, புள்ளய ஏன் விட்டுட்டு வந்தேன்னு கேட்டாங்க. எல்லாரும் அப்பிடியே சொன்னாங்க. எங் காதுதான் கோளாறு, நாந்தான் எம் புள்ளய உள்ள வச்சுக் கொன்னுட்டேன்னு இம்புட்டு நாளா இருக்கேன்" என்றது. "அப்ப எங் காது சரியாத்தான் கேட்டுச்சாண்ணே?" என்று கேட்டது.

சரியாகத்தான் கேட்டதம்மா என்று சொன்னேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. டீயை அது அடுப்பிலிருந்து இறக்கவும் இல்லை, என்னைக் குடிக்கச் சொல்லவும் இல்லை.

இனி நீ செய்ய வேண்டியது. என் போட்டோவைக் கழற்று. அந்தப் பொத்தானைப் பிடுங்கி எறி. பலகையில் இப்படி எழுது: "மாலை நாலு நாற்பதுக்குச் செல்லையா என்ற தொழிலாளி இங்கே ஓடிவந்து, மண் வெடித்திருக்கிறது என்று சொன்னார். ஆபரேட்டர் அவரிடம் சீட்டுக் கேட்டார். அபாயச் சங்கு ஊதப்படவில்லை. ஐந்து மணிக்கு வழக்கமான தண்ணீர்ச் சங்குதான் ஊதப்பட்டது. செல்லையா கதவுகளைத் தட்டப் போனார். அவரும் மகள் தேவியும் திரும்பவில்லை. ரெஜிஸ்டரில் இருப்பது பொய்." என் பெயரைப் பொய்க்குப் பக்கத்தில் போடு, தாராளமாகப் போடு. பிரிண்ட் போட நேரமில்லை என்றால் ஒரு வெள்ளைத் தாளில் கையால் எழுதி ஒட்டு. உனக்குக் கை கூசினால் நான் வந்து எழுதுகிறேன். அந்தக் கட்டடத்தில் எழுதி எனக்குப் பழக்கம் உண்டு. கமிட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், உன் அடுத்த வேலைகூடப் போகலாம். எனக்கும் அன்றைக்கு வேலை போகலாம் என்றுதான் இருந்தது.

மேடையில் எனக்கு நாற்காலி போடாதே. கீழே முன் வரிசையில் இரண்டு போடு. இன்று விடிவதற்குள் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய்ப் பாக்கியத்தைக் கூப்பிட்டேன்; ஞாயிற்றுக்கிழமை அது கேரட்டுக்குப் போகவில்லை, என்னோடு வருகிறது. முதலில் மாடிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதற்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.

அப்பா